மழை ஊரில் செயின் வைத்தியம்

ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வரலாம், வாருங்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுப்பில் வைத்த பாலின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே போய்விட்டு, அது பொங்குவதற்குள் திரும்பி விடலாம். ஒரு கம்பளிச் சட்டையையும் குடையையும் மட்டும் மனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் போகப் போகிற ஃபோர்ட் வில்லியம், பிரிட்டனிலேயே அதிகமாக மழை பெய்கிற ஊர்களில் ஒன்று. அங்கே வெயில் அடித்தால்தான் செய்தி!

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் இரவு ரயிலில் ஏறிப் படுத்துவிட்டால், காலையில் கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ரானக் பெருவெளி தெரியும். கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுப்பு நிலம். ஒரு வீடு இல்லை, வாசல் இல்லை. 1894-இல் இந்த ரயில் பாதையைத் திறந்தார்கள். தோண்டத் தோண்டக் கெட்டித் தரை அகப்படவில்லையாம். அதனால் மரவேர்களையும் சுள்ளிகளையும் மண்ணையும் சாம்பலையும் கொட்டி மெத்தை மாதிரி பரப்பி, அதன் மேலே தண்டவாளத்தைப் போட்டார்கள். நீங்கள் படுத்திருக்கும் மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தை!

மலைகளைச் சுற்றிக்கொண்டு ரயில் ஃபோர்ட் வில்லியத்தில் போய் நிற்கிறது. ஒரு பக்கம் நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் கடல். அதற்கு லின்னி என்று பெயர். இன்னொரு பக்கம் பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் மலை. உயரம் 1,345 மீட்டர். பாதி நாள் மேகத்தை முக்காடிட்டுக்கொண்டு முகத்தைக் காட்டாமலேயே இருக்கும். 1911-இல் ஹென்றி அலெக்ஸாண்டர் என்ற இளைஞர், ஃபோர்டு காரை இந்த மலை உச்சிக்கே ஓட்டிப் போனார். சதுப்பிலும் பாறையிலும் பல நாள் பாடுபட்டு ஏறிய அந்தக் காரை, அப்படியே வெண்கலத்தில் வார்த்து ஊர் நடுவில் கேமரன் சதுக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

எந்திரத்தை மலைமேல் ஏற்றிப் பார்க்கிற அந்த ஆசை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. வருஷா வருஷம் மே மாதத் தொடக்கத்தில் வந்தால் அதைக் கண்ணாரக் காணலாம்.

ஆறு நாள் அமளி

அந்த வாரத்தில் ஊர் முழுக்க மோட்டார் ஸைக்கிள் மயம். ‘ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரயல்’ என்பது போட்டியின் பெயர். 1909-இல் எடின்பரோவில் ஐந்து நாள் பந்தயமாக ஆரம்பித்தது. 1911 முதல் ஆறு நாளாயிற்று. 1938-இலிருந்து ஃபோர்ட் வில்லியம்தான் அதற்குத் தலைநகர்.

பந்தயம் என்றதும், காது செவிடுபட ஒருவரை ஒருவர் முந்துவதாக நினைத்துவிடாதீர்கள். இங்கே வேகத்துக்குப் பரிசு இல்லை. ஓடையின் நடுவே, வழுக்குப் பாறையின் மேல், செங்குத்தான சரிவில் என்று சில இடங்களைக் கயிறு கட்டி வகுத்திருப்பார்கள். அதற்குள் காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வரவேண்டும். ஒரு தரம் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். இரண்டு தரம் என்றால் இரண்டு. அதற்கு மேல் மூன்று. விழுந்தாலோ, எல்லைக்கு வெளியே போனாலோ ஐந்து. தண்டம் குறைந்தவரே வெற்றி பெற்றவர். இப்படி ஒரு நாளில் சுமார் 30 சோதனைகள். அவற்றுக்கு நடுவே மலையும் சாலையுமாக நெடுந்தூர ஓட்டம். 250-க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுகிறார்கள்.

வண்டியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உட்கார இடமே இருக்காது! நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். எடை சுமார் 70 கிலோதான். டயரில் காற்று இருக்கிறதா என்று சந்தேகமே வரும். பாறையைக் கவ்விப் பிடிப்பதற்காகக் காற்றை அவ்வளவு குறைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டியில் உங்களுக்குக் காட்ட வேண்டியது, பின்சக்கரத்தை ஒட்டி, செயினுக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னக் கை. நம் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். நுனியில் வழவழப்பான பிளாஸ்டிக் கட்டை. அடியில் ஒரு ஸ்பிரிங். செயினின் கீழ்ப் பகுதியை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. டென்ஷனர் என்று அதற்குப் பெயர்.

தொய்வும் வேண்டும், பிடிப்பும் வேண்டும்

“செயினை முதலிலேயே இறுக்கமாக மாட்டிவிட்டால் இந்தக் கை எதற்கு?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பாறைக்குப் பாறை தாவும்போது பின்சக்கரம் மேலும் கீழும் ஊஞ்சலாடுகிறது. அப்படி ஆடும்போது முன்னால் இருக்கும் பல் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு சமயம் கூடுகிறது; ஒரு சமயம் குறைகிறது. தூரம் கூடும் வேளையில் செயினில் தொய்வே இல்லையென்றால் என்ன ஆகும்? செயின் அறும், இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங் கெடும். ஆகையால் தொய்வு இருந்தே தீர வேண்டும். ஆனால் அந்தத் தொய்வு தன்னிஷ்டப்படி ஆடினால் செயின் பல்லை விட்டு நழுவும். தையல் மிஷின் பெல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மிகவும் இறுகினால் மிதிக்க முடியாது. தளர்ந்தால் சக்கரம் சுற்றும், ஊசி நகராது. இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்து வைப்பதுதான் அந்தச் சின்னக் கை.

அது தன் வேலையை மறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கச் சாலை வழியாகக் கின்லாக்லெவன் கிராமத்துக்குப் போகவேண்டும். சுற்றிலும் மலைச்சுவர். மேலே பிளாக்வாட்டர் அணை. 1905-இலிருந்து 1909 வரை ஆயிரக்கணக்கான கூலியாட்கள் பாடுபட்டு அதைக் கட்டினார்கள். அங்கேயே மாண்டவர்களுக்கு அணைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மயானம் இருக்கிறது. அணையிலிருந்து பெரும் பெரும் குழாய்கள் வரிசையாக மலைச்சரிவில் இறங்குகின்றன. அந்த நீரின் விசையால் மின்சாரம் எடுத்து, இங்கே அலுமினியம் உருக்கினார்கள். ஆலை மூடியாகிவிட்டது, குழாய்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தக் குழாய்களின் ஓரமாகச் செங்குத்தாக ஏறும் கல் பாதைதான் ‘பைப்லைன்’ என்னும் பேர்பெற்ற சோதனை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே நமக்குக் கால் கூசும். வண்டி பாதிச் சரிவில் முனகிக்கொண்டு ஏறும்போது செயின் ஒரே ஒரு பல் தாண்டட்டும்! எஞ்சின் அலறும், சக்கரம் ஒரு கணம் சும்மா நிற்கும், மறு கணம் படக்கென்று பல் கவ்வி வண்டி துள்ளும். ஓட்டுகிறவர் காலை ஊன்றித் தப்பினால் அவருடைய அதிர்ஷ்டம். தப்பாவிட்டால் 70 கிலோ இரும்பும் அவரும் சேர்ந்து கல்லின் மேல் உருள வேண்டியதுதான்.

எது நழுவுகிறது?

இந்தப் போட்டியில் இரவானதும் வண்டிகளை ஒரு வளைவுக்குள் விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அறைக்குக் கொண்டுபோய் விடிய விடியப் பழுது பார்க்க வழியில்லை. செய்வதைப் போட்டி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் அதற்கும் தண்டம் உண்டு. அப்படிப்பட்ட அவசரத்தில் பதறாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அடுத்த காரியம். ஓடும் செயினுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகக் கூடாது. அடுத்தபடியாக, ஸ்பானரை உடனே எடுப்பதில்லை! ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றிச் சேற்றைக் கழுவுகிறார்கள். பிறகு அந்தச் சின்னக் கையைக் கீழே அழுத்தி விடுகிறார்கள். சட்டென்று எழுந்து செயினைத் தொட்டால் ஸ்பிரிங் சௌக்கியம். சோம்பேறித்தனமாக எழுந்தால் அதன் மூட்டில் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். எழவே இல்லையென்றால் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மாற்று ஸ்பிரிங் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டி, அன்றைப் பொழுதை ஓட்டலாம்.

கட்டையையும் பார்க்க வேண்டும். செயின் உராய்ந்து உராய்ந்து அதில் பள்ளம் விழும். அம்மிக்குழவி தேய்ந்தால் பாதகமில்லை; இந்தக் கட்டை தேய்ந்து தீர்ந்தால் செயின் இரும்பையே அறுக்க ஆரம்பித்துவிடும். கல்லில் அடிபட்டுக் கை கோணியிருந்தாலும் செயின் பக்கவாட்டில் நழுவும்.

கை நன்றாக இருந்தும் செயின் தொளதொளவென்று இருக்கிறதா? அப்போது குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான். பின்சக்கர அச்சின் இரு முனையிலும் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு தகடு இருக்கிறது. விளிம்பில் படிப்படியாக வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரு முளையில் உட்கார்ந்து, சக்கரத்தை முன்னால் நகர விடாமல் தடுக்கிறது. அச்சின் நட்டு தளர்ந்தால் நத்தை முளையை விட்டு விலகும், சக்கரம் முன்னே நகரும், செயின் தொங்கும். இந்தச் சமயத்தில் ஸ்பிரிங்கை மாற்றி என்ன பிரயோஜனம்? தலைவலிக்குக் காலில் பற்றுப் போட்ட கதைதான்.

இதற்கு வைத்தியம் இதுதான். நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரு பக்கமும் வெட்டுகளை எண்ணி ஒரே கணக்கில் நத்தைகளை வைக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் நான்கு என்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். பிறகு ஒரு துணியைச் சுருட்டிச் செயினுக்கும் பின் பல் சக்கரத்துக்கும் நடுவே கொடுத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் செயின் விறைத்துச் சக்கரத்தை முன்னால் இழுக்கும். நத்தைகள் முளையில் நன்றாக அழுந்தும். அந்த நிலையிலேயே நட்டை முறுக்கிவிட வேண்டும். துணியை எடுக்க மறக்கக் கூடாது!

கடைசியாக ஒரு பரீட்சை. ஒருவர் வண்டியை அழுத்தி, எஞ்சினின் பல் சக்கரம், பின்கவை ஆடும் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செயின் மிகவும் இறுகும் நிலை அதுதான். அப்போதும் விரலால் தூக்கினால் செயின் கொஞ்சம் அசைய வேண்டும். அசையாவிட்டால் ஒரு வெட்டு குறைக்க வேண்டும்.

இத்தனை செய்தும் பல் தாண்டுகிறதா? பின் பல் சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் தெரிந்துவிடும். பாதிப் பல் வெளியே தெரியும்படி அது விலகி வந்தால், செயினுக்கு வயதாகிவிட்டது. பற்களும் கொக்கிபோல வளைந்திருக்கும். பாதையில் இதற்கு மருந்து கிடையாது. மெதுவாக ஓட்டிப் போய், செயினையும் பல் சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும்.

வளையல் கையில் ஸ்பானர்

“இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘சர்வதேச ஆறு நாள் டிரயல்’ என்ற போட்டியில் அந்தக் காலத்துச் சட்டம் இன்னும் கடுமை. பழுது பார்க்க இன்னொருவர் கை வைக்கவே கூடாது என்றிருந்தது. தான் சுமந்து வந்த கருவிகளைக்கொண்டு ஓட்டுகிறவரே செய்ய வேண்டியிருந்தது. 1927-இல் அந்தப் போட்டியில் பிரிட்டனுக்கு வெள்ளிக் கோப்பையை வாங்கித் தந்தவர்கள் மார்ஜரி காட்டில், ஈடித் ஃபோலி, லூயி மக்லீன் என்ற மூன்று பெண்கள்!

அவர்களுக்குப் பின்னால் ஓல்கா கெவலோஸ் வந்தார். யுத்த காலத்தில் கால்வாய்ப் படகில் சரக்கு ஏற்றிச் சென்று உழைத்தவர். 1949-இலும் 1953-இலும் தங்கப் பதக்கம் வாங்கினார். 2009-இல் காலமானார். அந்தப் பதக்கங்கள் ஓட்டத்துக்கு மட்டும் கிடைத்தவை அல்ல. நடு வழியில் குந்தி உட்கார்ந்து ஸ்பானர் பிடித்த கைக்கும் சேர்த்துத்தான். நம் காலத்தில் பெண்கள் உலகப் பட்டத்தைப் பலமுறை வென்ற எம்மா பிரிஸ்டோ, ஃபோர்ட் வில்லியத்தின் ஆறு நாட்களையும் ஓட்டி முடித்தவர்.

என்றாவது ஒரு மே மாதத்தில் பைப்லைன் அடிவாரத்தில் நிற்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைக்கலாம். கூட்டம் முழுவதும் ஓட்டுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் மட்டும் பின்சக்கரத்தின் அருகே, செயினுக்குக் கீழே பாருங்கள். சேறு பூசிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, அந்தச் சின்னக் கை செயினைத் தாங்கி ஆடிக்கொண்டிருக்கும். அது ஒழுங்காக ஆடுகிறவரை, மேலே நிற்பவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நீங்கள் தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.