குளத்தூரில் ஒரு தம்ளர் இஞ்சிச் சாறு

புதுக்கோட்டையில் திருச்சி பஸ் ஏறும்போது காலை ஏழரை மணி. ஊர் எல்லை தாண்டியதும் செம்மண், தைலமரம், மறுபடியும் செம்மண். நார்த்தாமலைப் பிரிவில் பாதிப் பஸ் இறங்கியது. நான் கீரனூரில் இறங்கி, கடைத்தெருவில் கால் கிலோ இஞ்சி வாங்கினேன். 35 ரூபாய். நகத்தால் கீறிப் பார்த்தேன், தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. புது இஞ்சி. அங்கிருந்து குளத்தூருக்கு ஒரு ஷேர் ஆட்டோ.

குளத்தூரில் பெரியம்மா மகள் இருக்கிறாள். எனக்கு அக்கா. மார்பில் கட்டி, திருச்சியில் வைத்தியம். நான்கு கீமோ முடிந்துவிட்டது. முந்தின வாரம் போனில் பேசும்போது, "தம்பி, இலைப்பொடி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். நானோன்னு என்னமோ அதுல இருக்காம், நேரா கட்டிக்குள்ளயே போயிருமாம். நீ வந்து பாத்துட்டுச் சொல்லு, அப்புறம் குடிக்கிறேன்" என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

டப்பா டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. 100 கிராம், 350 ரூபாய். மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் 'செடி நானோ' என்று கொட்டை எழுத்து. எந்தச் செடி, எப்போது அரைத்தது, எவ்வளவு சாப்பிடுவது என்று ஒரு வரி கிடையாது. மூடியைத் திறந்தேன். வெயிலில் கிடந்த வைக்கோல் வாடை. விரலில் தேய்த்தால் நரநரவென்று நரம்புத் துணுக்கு தட்டுப்பட்டது.

"எங்க வாங்கின?"

"இங்கதான், குளத்தங்கரைப் பக்கம். ஒரு பெரியவர் குடுக்கிறாரு."

நடந்தே போனேன். முக்கால் கிலோமீட்டர் இருக்கும். வழியில் சுடுகாடு. அதன் ஓரம் முழுக்க நித்தியகல்யாணி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஐந்து இதழ்ப் பூக்கள். சுடுகாட்டுப்பூ என்றே இந்தப் பக்கம் சொல்கிறார்கள். ஏழெட்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த புல்லைக் கரம்பிக்கொண்டிருந்த ஆடுகள் பச்சைப்பசேலென்று நின்ற அந்தச் செடியில் மட்டும் வாய் வைக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்தேன். ஒன்றுகூடத் தொடவில்லை.

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்று திண்ணையைத் துண்டால் தட்டிவிட்டார். முற்றத்தில் நீலத் தார்ப்பாயில் இலை காய்ந்துகொண்டிருந்தது. வரும் வழியில் பார்த்த அதே இலை. பக்கத்தில் ஒரு மிக்ஸி, நைலான் சல்லடை, எடைபோட ஒரு சின்னத் தராசு. வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பின்கட்டையும் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினார். அங்கே விறகும் மாட்டுத் தீவனமும்தான்.

நானோ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பேரன் போனில் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். வெள்ளை அங்கி போட்ட ஆட்கள், இஞ்சி, ஒரு எலி. "செடிச் சாத்துக்குள்ள பொடிப்பொடியா கொப்புளம் இருக்காம். அதுதான் நோயைத் தின்னுதுன்னு அமெரிக்காக்காரனே சொல்லிட்டான். இந்த இலையைச் சக்கரைக்கு எங்கப்பா காலத்துலேருந்து குடுக்கிறோம். கேன்சர் மருந்தும் இதுலதானே எடுக்கிறாங்க? ரெண்டும் ஒண்ணுதான்." ஏமாற்றுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை. நம்பித்தான் கொடுக்கிறார். அவர் சொன்னதில் பாதி மெய்யும்கூட. அந்தப் பாதி மெய்தான் என்னைப் பயமுறுத்தியது.

சர்க்கரைக்கு இந்த இலை என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை. ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து 1950-களின் தொடக்கத்தில் கனடாவுக்கு ஒரு உறையில் இலை போயிற்று. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளையணுக்கள்தான் சரிந்தன. சொன்னதை விட்டுவிட்டு, கண்ட அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டே போனார்கள். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துப்பொருள் வெளிவந்தது. அடுத்து வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஊசியில் ஏறுவது அதுதான். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கவே ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். அந்த ஒரே இலையில் நூறுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு இருக்கிறது என்று மிக்ஸி சொல்லாது. நரம்பையும் ரத்தத்தையும் கெடுக்கிற சரக்கு அது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கீமோ போடுறவங்களுக்குக் குடுக்காதீங்க அய்யா" என்றேன். "சரி தம்பி" என்றார். தார்ப்பாயில் இலை அப்படியேதான் கிடந்தது.

வீடு திரும்பும்போது பதினொன்றரை. அக்கா அடுப்படியில் இருந்தாள். "ஐந்தாவது கீமோ எப்போ?" என்று கேட்டேன். "போன செவ்வாயே போட்டிருக்கணும். ரத்தத்துல வெள்ளையணு கம்மின்னு ஒரு வாரம் தள்ளிட்டாங்க" என்றாள். எனக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை. வெள்ளையணு குறைந்து கிடக்கிற உடம்புக்குள், வெள்ளையணுவைக் குறைத்தே உலகத்துக்கு அறிமுகமான இலை போகவிருந்தது. டப்பாவை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அப்ப அந்த நானோ பொய்யா?" என்றாள்.

பொய் இல்லை. அதை விளக்கத்தான் இஞ்சி வாங்கிப் போயிருந்தேன். தோல் சீவி, நறுக்கி, தண்ணீர் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்தேன். எவர்சில்வர் தம்ளர் வேண்டாம், கண்ணாடித் தம்ளர் கொடு என்று வாங்கி அதில் ஊற்றினேன். கலங்கலான மஞ்சள். மூக்கில் காரம் ஏறியது. அரை மணி நேரம் அசைக்காமல் ஜன்னலில் வைத்தோம். அடியில் அரை விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக மாவு படிந்தது. மேலே தெளிவு.

"இது சுண்ணாம்பு. இதைத் தள்ளிட்டுத் தெளிவைத்தான் குடிக்கணும்னு அம்மா சொல்லும்" என்றாள் அக்கா. பெரியம்மா தள்ளச் சொன்னது சரி. உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்து. ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதைத் தள்ளுவதுதான். அவர்கள் அரை மணி காத்திருப்பதில்லை, சுற்றும் இயந்திரத்தில் வைத்து அடியில் தள்ளுகிறார்கள். தெளிவை எடுத்து இன்னும் வேகமாகச் சுற்றி, நார்த் துணுக்கையும் செல் உடைசலையும் நீக்குகிறார்கள். கடைசியில், பூமி இழுப்பதைப்போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றினால், குழாயின் அடியில் ஒரு பொட்டு மட்டும் ஒட்டி நிற்கும். அதைச் சர்க்கரைக் கரைசல் அடுக்குகளில் மிதக்கவிட்டு இன்னொரு முறை பிரிப்பார்கள். அந்த மிச்சத்தில்தான் பெரியவர் சொன்ன கொப்புளங்கள், அதாவது நுண்குமிழிகள்.

கொழுப்புத் தோல் போர்த்திய உருண்டைகள் அவை. ஒரு குமிழி சுமார் 200 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலைமுடியின் தடிப்பில் நானூறை வரிசையாக அடுக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் உருவம் தெரியாது. உள்ளே புரதம், ஆர்.என்.ஏ. துணுக்குகள், இஞ்சி என்றால் அதன் காரச் சத்துகள். செடி இவற்றை வீணுக்குச் செய்வதில்லை. கலிபோர்னியாவில் ஹெய்லிங் ஜின் குழு 2018-இல் காட்டியது: ஒரு சின்னக் களைச்செடி, தன்னைத் தாக்க வந்த பூஞ்சைக்குள் இந்தக் குமிழிகள் வழியே ஆர்.என்.ஏ. துணுக்குகளை அனுப்பி, அதன் தாக்கும் மரபணுக்களை அடக்குகிறது. தபால்போல. அந்தத் தபாலில் நாம் மருந்து வைத்து அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

இத்தாலியில் பலெர்மோ ஆய்வாளர்கள் 2015-இல் எலுமிச்சைக் குமிழிகளை எடுத்து, ஒருவகை ரத்தப் புற்றுச் செல்களின் பெருக்கம் அடங்குவதையும் எலியில் கட்டி வளர்வது குறைவதையும் கண்டார்கள். பெரியவரின் வீடியோவில் இருந்தது அநேகமாக அட்லாண்டாவில் டிடியே மெர்லின் குழுவின் வேலை. 2016-இல் இஞ்சிக் குமிழியை எலிக்கு வாய்வழி கொடுத்து, குடல் அழற்சியும் அதைத் தொட்டு வரும் புற்றும் கட்டுப்படுவதைப் பார்த்தார்கள். குமிழியின் கொழுப்பையே உறையாக்கி, அதற்குள் டாக்ஸோரூபிசின் வைத்து எலியின் கட்டிக்கு அனுப்பியதும் அவர்களே. அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியும். சிவப்பு மருந்து. நான்கு முறையும் அவளுக்கு ஏறியது அதுதான்.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. லட்சம் மடங்கு விசையில் சுற்றும் இயந்திரம் விலை அதிகம், எல்லாக் கூடத்திலும் இருக்காது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கோபிநாத் சுந்தரம் குழு, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மலிவான பொருளை இஞ்சிச் சாற்றில் கலந்து குமிழிகளைத் திரளவைத்துப் பிரித்தது. பெரிய இயந்திரத்தில் கிடைப்பதில் 60 முதல் 90 சதவீதம் அதிலேயே கிடைத்தது. 2020-இல் வெளியிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த மருந்து ஒருநாள் கீரனூர் வரை வரவேண்டுமானால் மலிவான வழி வேண்டும்.

ஆனால் அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை. மனிதரிடம் சோதனை என்று பார்த்தால், அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் குடல் புற்றுநோயாளிகளுக்குச் செடிக் குமிழியில் மஞ்சளின் குர்குமின் வைத்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை 2011-இலேயே பதிவாயிற்று. இன்றும் இது ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்த மருந்தாக இல்லை. தொகுதிக்குத் தொகுதி ஒரேமாதிரிக் குமிழி எடுப்பதே பெரும்பாடு. இஞ்சி விளையும் மண் மாறினால் சத்து மாறுகிறது. அரைக்கும்போது செல் உடைந்து தானாக உருளும் கொழுப்பு எது, செடி தானே அனுப்பிய குமிழி எது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. பச்சைச் சாற்றில் இத்தனை பாடு. தார்ப்பாயில் காய்ந்து மிக்ஸியில் அரைபட்ட இலைக்கு நானோ என்ற பெயரை ஒட்டுவது எப்படி?

அக்கா தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இவ்வளவும் இதுக்குள்ளயா?"

"கோடிக்கணக்குல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

தெளிவை இறுத்து மதியம் ரசத்தில் விட்டாள். கீமோவுக்குப் பிறகு வாய்க்கு ருசியே இல்லை என்றவள் அன்று இரண்டு கை ரசம் சோறு சாப்பிட்டாள். மாவை வாழை மரத்தடியில் கொட்டினாள். நான் கிளம்பும்போது என் பையிலிருந்து டப்பாவைத் திருப்பிக் கேட்டாள். ஏன் என்றேன். "தூக்கிப் போட்டா யாராவது எடுத்துத் தின்னுருவாங்க. செவ்வாக்கிழமை டாக்டரம்மாகிட்டக் காட்டிக் கேக்கிறேன். இதே பொடியை இன்னும் ரெண்டு பேரு வாங்கியிருக்காங்க, அவங்களுக்கும் சொல்லணும்ல" என்றாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருந்த மஞ்சள் பைக்குள் டப்பாவை வைத்து, பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.