பழசா, புதுசா? ஒரு சின்ன ஸ்பீக்கரின் கதை

ஸ்பீக்கர் விஷயத்தில் உலகம் இரண்டே கட்சிதான். "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராதுப்பா" என்பது ஒன்று. "அதெல்லாம் அந்தக் காலம், இப்போ டெக்னாலஜி எங்கேயோ போயிடுச்சு" என்பது மற்றொன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சி ஸ்பீக்கரை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டிருப்பது அபூர்வம்.

பொத்தாம் பொதுவாகப் பேசினால் இந்தச் சண்டை தீரவே தீராது. ஒரே ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு, அதன் பழைய வடிவத்தையும் புதிய வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். அதற்குச் சரியான ஆள் இங்கிலாந்தில் பிறந்த எல்.எஸ். 3/5ஏ. ஏதோ அரசாங்க ஃபைல் நம்பர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? கிட்டத்தட்ட அதேதான்!

வேனுக்குள் பிறந்தது

எல்.எஸ். என்றால் லவுட்ஸ்பீக்கர். 3 என்பது வெளிப்புற ஒலிபரப்புக்கு உரியது என்பதற்கான குறி. 5 அந்த வரிசையில் ஐந்தாவது மாடல். கடைசியில் உள்ள ஏ, முதல் திருத்தம். பெயரை வைத்தது பிபிசி.

1970களின் தொடக்கத்தில் பிபிசிக்கு ஒரு பிரச்சனை இருந்தது. வெளியூர் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யப் போகும் வேனுக்குள் பெரிய ஸ்டுடியோ ஸ்பீக்கரை வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனை மட்டும் நம்பி ஒலியின் தரத்தைத் தீர்மானிக்கவும் முடியாது. ஸ்டுடியோக்களை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டிச் சோதித்த பிபிசி ஆராய்ச்சித் துறையிடம், அந்த வேலைக்காகச் செய்த ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அதை வளர்த்தெடுத்துத்தான் இதைச் செய்தார்கள். உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. பாடப்புத்தகங்களை அடுக்கிவைத்த அளவுதான். உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு சுமார் 5 லிட்டர்.

இரண்டு முக்கியமான பாகங்களும் கெஃப் கம்பெனியுடையவை. கீழ் ஸ்வரங்களுக்கு பி110 என்ற 5 அங்குல வூஃபர், மேல் ஸ்வரங்களுக்கு டி27 என்ற சின்ன ட்வீட்டர். வூஃபரின் கூம்பு காகிதம் அல்ல, பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். பெட்டி பிர்ச் மரப் பிளைவுட். பிபிசி லைசென்ஸ் கொடுக்க, ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், பின்னால் ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் இதைத் தயாரித்து வெளியாட்களுக்கும் விற்றன. வேனுக்காகப் பிறந்தது, வீட்டு ஹாலுக்குள் வந்துவிட்டது.

இது என்ன செய்யும், என்ன செய்யாது?

பேச்சுக் குரல்! அதுதான் இதன் உயிர். ஸ்டுடியோவில் ஒருவர் பேசுவதை நேரில் நின்று கேட்டுவிட்டு, உடனே அடுத்த அறைக்குப் போய் அதே குரலை ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுவது பிபிசி பொறியாளர்களின் வழக்கம். அப்படிப் பழகிய காதுகள் வடிவமைத்ததால்தான் இதில் செய்தி வாசித்தால் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

ஆனால் 5 லிட்டர் பெட்டியிலிருந்து கனமான பாஸ் வராது. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். இந்த ஸ்பீக்கரோ 80 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போதே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அதை ஈடுகட்ட, அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியில் ஒலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கேட்பவர் "பரவாயில்லையே, பாஸ் இருக்கிறதே" என்று நினைத்துக்கொள்வார். ஒரு வகையில் அழகான ஏமாற்று வேலை.

சத்தமும் குறைவுதான். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 82, 83 டெசிபல் வரும். இதை யாரும் மறைக்கவில்லை. ஸ்பீக்கர் உலகில் ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பழசுக்கும் புதுசுக்கும் இது பொது. இயற்பியலுக்கு வருஷம் தெரியாது.

முதல் 'புதுசு': அதே பெயர், வேறு உள்ளடக்கம்

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பெயரில் உள்ள அந்த 'ஏ' ஏன் வந்தது தெரியுமா? முதலில் செய்த எல்.எஸ். 3/5 கொஞ்ச எண்ணிக்கைதான். அடுத்த தொகுதி செய்யப் போனபோது கெஃப் பாகங்கள் மாறியிருந்தன. அவற்றுக்கு ஏற்றபடி வடிவமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. அதாவது இன்று 'ஒரிஜினல்' என்று கொண்டாடப்படுவதே ஒரு திருத்தப்பட்ட பதிப்பு!

1980களின் பிற்பகுதியில் மறுபடியும் அதே கதை. வூஃபர்கள் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்துப்போகவில்லை. கெஃப் வூஃபரைத் திருத்தியது, க்ராஸ்ஓவரும் மாறியது. முன்பு 15 ஓம் என்றிருந்த மின்தடை 11 ஓம் ஆனது. ரசிகர்கள் உடனே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். 15 ஓம் காரர்கள் "குரலின் இனிமை போய்விட்டது" என்றார்கள். 11 ஓம் காரர்கள் "இதுதான் சீராக, தெளிவாக இருக்கிறது" என்றார்கள். இத்தனைக்கும் இரண்டு பெட்டிகளும் வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டாவது 'புதுசு': வாரிசு

கெஃப் தன் 50வது ஆண்டை ஒட்டி 2012இல் எல்.எஸ். 50 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. பழைய 3/5ஏதான் இதற்கு முன்மாதிரி என்று கம்பெனியே சொல்லிக்கொண்டது. உயரம் அதே 30 செ.மீ. பக்கம்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பழையதில் வூஃபர் ஓரிடம், ட்வீட்டர் வேறிடம். கொஞ்சம் குனிந்தாலோ எழுந்தாலோ இரண்டிலிருந்தும் வரும் ஒலி சேரும் விதம் மாறும். அதனால் கேட்பவர் சரியான இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். புதியதில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருக்கிறது. இரண்டு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால், சோஃபாவில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் மூன்று பேருக்கும் ஓரளவு ஒரே மாதிரி கேட்கும்.

இன்னொரு உதாரணம். ட்வீட்டரிலிருந்து கிளம்பும் ஒலி பெட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறி மூல ஒலியோடு கலந்து குழப்பும். பழைய பொறியாளர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் கம்பளித் துண்டை ஒட்டினார்கள். அவ்வளவுதான்! புதியவர்கள் கணிப்பொறியில் கணக்குப் போட்டு, முகப்பையே வளைத்து வார்த்துவிட்டார்கள். நோய் ஒன்றே, மருந்துதான் வேறு. பழையவர்கள் முட்டாள்களும் அல்ல, புதியவர்கள் மந்திரவாதிகளும் அல்ல.

மூன்றாவது 'புதுசு': மறுபிறவி

1990களின் பிற்பகுதியில் கெஃப் அந்தப் பாகங்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. வூஃபர் போனால் போனதுதான் என்ற நிலை. பி110, டி27 இரண்டையும் ஆரம்பத்தில் வடிவமைத்தவர் மால்கம் ஜோன்ஸ். அவர் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் கம்பெனி, அந்தப் பாகங்களைப் பழைய அளவுகளின்படியே மறுபடி உருவாக்கி, 2014இல் 15 ஓம் 3/5ஏவை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு கேள்வி. 1976இல் வாங்கிய ஒரு ஜோடியையும் 2014க்குப் பிறகு வாங்கிய ஒரு ஜோடியையும் பக்கத்தில் வைத்தால், எது 'பழைய ஒலி'? சட்டென்று முதலாவதைக் காட்டத் தோன்றும். ஆனால் க்ராஸ்ஓவரில் உள்ள கெப்பாசிட்டரின் மதிப்பு ஆண்டுகள் போகப்போக நகரும். பெக்ஸ்ட்ரீன் கூம்பும் அதன்மேல் தடவிய பூச்சும் ஐம்பது வருஷத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்று அந்தப் பெட்டியில் கேட்பது 1976இன் ஒலி அல்ல, 1976இல் பிறந்து வயதான ஒன்றின் ஒலி. புதிதாகச் செய்ததுதான் அன்றைய ஒலிக்கு இன்னும் பக்கத்தில் இருக்கக்கூடும்!

காதா, கண்ணா?

சரி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்துவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்.எஸ். 50 சுமார் 85 டெசிபல், பழையது 83. ஆம்ப்ளிஃபையர் குமிழைத் தொடாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் புதியது கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். மனிதக் காதுக்குக் கொஞ்சம் சத்தமானது எப்போதும் 'தெளிவானது' போலத் தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்தாத ஒப்பீடு, உயரமானவனை நாற்காலியில் ஏற்றிவிட்டு உயரம் பார்ப்பது போல.

அதைவிடப் பெரிய பள்ளம் கண். 1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டே கேட்டார்கள், ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்டார்கள். மதிப்பெண்கள் மாறிப்போயின. பார்த்துக் கேட்டபோது பெரிய, பகட்டான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்னதாக, மலிவாகத் தெரிந்தது அடிவாங்கியது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்து ஊழியர்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

பழசுக்கும் இது பொருந்தும்தானே? தேக்கு நிறப் பெட்டி, மங்கிய துணி, பின்னால் கையால் எழுதிய சீரியல் நம்பர்... இவற்றைப் பார்த்தபிறகு கேட்பவரின் காது ஏற்கனவே பாதி மயங்கிவிடுகிறது. அது பொய் இல்லை, அந்த மகிழ்ச்சி நிஜம். ஆனால் அதை 'ஒலித்தரம்' என்று அழைப்பதுதான் தவறு.

அப்படியானால் யார் ஜெயித்தது?

அளவுகளில் புதியது முன்னால் நிற்கிறது. அறை முழுவதும் சீரான ஒலி, கூடுதல் சத்தம், ஒரே அச்சாக வரும் ஜோடிகள். இதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒன்று உண்டு. 1976இன் ஸ்பீக்கரை இன்று கடையில் வாங்கும் ஆம்ப்ளிஃபையரோடு இரண்டு ஒயரில் இணைத்தால் பாடும். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர், வைஃபை, மென்பொருள் எல்லாம் வைத்து இப்போது வரும் ஸ்பீக்கர்கள் ஐம்பது வருஷம் கழித்து அப்படிப் பாடுமா? கூம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அதை இயக்கும் ஆப் இருக்காது. கெப்பாசிட்டரை மாற்றச் சாலிடரிங் அயர்ன் போதும். யாரோ நிறுத்திவிட்ட மென்பொருளை எந்த அயர்னாலும் ஒட்ட முடியாது. ஒரு பொருள் வாங்கியவருக்கு எத்தனை வருஷம் சொந்தம் என்ற கேள்வியில் மட்டும் பழசுதான் ஜெயிக்கிறது. அது சின்னக் கேள்வி அல்ல.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பரணில் அப்பாவின், தாத்தாவின் ஸ்பீக்கர் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் துணியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே உதிர்கிறதா? அது மட்டும்தான் செத்திருக்கிறது, வளையத்தை மாற்றலாம். ரப்பர் வளையமாக இருந்தால் இன்னும் நல்லது. சரி செய்து, பக்கத்தில் ஒரு புதிய ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தைச் சமப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள்.

எது பிடிக்கிறதோ அதுவே பதில். ஆனால் கண்ணைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்!