சம்பளச் சீட்டில் வேறு பெயர்

ஜவ்வாது மலையில் கணினி ஆலை கிடையாது. சாமை விளைகிறது, புளி உலுக்குகிறார்கள், பலா பழுக்கிறது, காவலூரில் வான் ஆய்வகம் இருக்கிறது. ஆனாலும் மடிக்கணினியில் ஸ்க்ரூ முடுக்கிப் பழகிய கைகளை ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பொங்கலுக்கோ அறுவடைக்கோ மலையேறி வந்த பெண்களின் கைகள் அவை.

அப்படி வந்திருந்த ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையில் சந்தித்தேன். பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். "திரும்ப எடுக்க மாட்டாங்கண்ணா." பக்கத்தில் அம்மா புளியங்கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்; பேச்சில் கலந்துகொள்ளவில்லை, ஒரு சொல்லையும் தவற விடவுமில்லை.

அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று பெட்டிமேல் கிடந்தது. பேட்டரி செத்துப் பல காலம். அதைக் கவிழ்த்துப் போட்டு, தன் வேலை எதுவென்று காட்டினார். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்ட வேண்டும். அதன் ஒயர் மேசையோடு இணைந்திருக்கும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருப்பதற்காக. கரண்ட் ஸ்க்ரூடிரைவர் தலைக்கு மேலே தொங்கும். அதன் காந்த நுனியில் ஸ்க்ரூவை ஒட்டி, துளையில் நேராக நிறுத்தி அழுத்தினால் சுற்றும்; போதிய இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று தானே நின்றுவிடும். கிளிக் வருமுன் கையை எடுத்தால் ஸ்க்ரூ தளர்வாக இருக்கும். சாய்த்து அழுத்தினால் தலை வழுக்கிப்போகும். இரண்டுமே ரிஜெக்ட். ஒரு மூலை, அடுத்து அதன் எதிர்மூலை என்று முடுக்குவதற்கு வரிசை உண்டு; தப்பினால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சொல்லச் சொல்ல அவர் விரல் அந்தப் பழைய மடிக்கணினியின் மேல் மூலைக்கு மூலை தாவியது. கண் அதைப் பார்க்கவே இல்லை.

ஒன்றை முடித்தால் அடுத்தது வந்து நிற்கும். மேலே பலகையில் டார்கெட் ஓர் எண், முடித்தது ஓர் எண். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். ரிலீவர் ஒருவர்தான், கை தூக்குகிறவர்கள் பலர். நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவு. ஓய்வே கிடைக்காத லைனில் நாற்காலி இருந்தென்ன? "தண்ணி கம்மியா குடிச்சுக்குவோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

சம்பளம் எவ்வளவு? நேரான விடை இல்லை. கைக்கு வருவது ஒன்று, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தால் வேறொன்று, ஹாஸ்டல் கழிவு போக இன்னொன்று. வெளியில் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கலாம். 2021 டிசம்பரில், ஐபோன் கோக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அது கழிவுக்கு முந்தைய தொகை, முழுவதற்கும் பி.எஃப். உண்டு என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,260 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 79 ரூபாய். மிச்சம் 9,161. அதிலிருந்துதான் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒப்பந்தக்காரரிடம் கட்ட வேண்டும். ஊருக்கு அனுப்ப ஏதாவது மிஞ்ச வேண்டுமானால் ஓ.டி. பார்த்தே ஆக வேண்டும். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். தருகிறார்களா என்று கேட்டதற்கு, "போடறாங்க, ஆனா எத்தனை மணி நேரம் எழுதினாங்கன்னு நாங்க பார்க்க முடியாது" என்றார்.

அதே 2021 டிசம்பரில் அந்தச் சம்பளத்துக்கு என்ன தங்குமிடம் கிடைத்தது என்பதும் வெளியே வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 17ஆம் தேதி இரவு தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஓர் அறையில் ஆறிலிருந்து முப்பது பேர் வரை, படுக்கை தரையில், சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அதன் பிறகுதான் செய்தியானது. ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது, ஜனவரி 12இல் மறுபடி திறந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கிறவர்கள் காதில் விழ, இங்கே நெடுஞ்சாலை நிற்க வேண்டியிருந்தது.

இதில் அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதி எழுந்து, 2024 ஆகஸ்ட் 17இல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர். பழைய கொட்டடிகளோடு பார்த்தால் நல்ல முன்னேற்றம். ஆனால் யார் கட்டிய விடுதியானாலும், கட்டிலும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது, வேலை போன அன்றே கட்டிலும் போகும். மலைக்காரப் பெண்ணுக்கு அந்த ஊரில் வேறு வாசல் தெரியாது.

வேலை போவது இந்தத் தொழிலில் புதிதல்ல. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களின் முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2010 அக்டோபர் இறுதியில் அங்கே பேனல் ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி இளம் தொழிலாளி ஒருவர் இறந்தார். வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலை மட்டும் விடுபட்டது. 2014 நவம்பர் 1இல் மூடியது. ஆலை போனதும் அதற்குப் பாகம் செய்துகொண்டிருந்த ஃபாக்ஸ்கானின் அன்றைய ஆலையும் டிசம்பரில் கதவடைத்தது. இன்றைய லைன்களில் நிற்கிறவர்கள் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆலைக்குத் தேவைப்படும் வயது அப்படி.

கணினியும் இதே மண்ணில்தான். டெல் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. எச்.பி. மடிக்கணினிகளை 2021 முதல் ஃபிளெக்ஸ் இங்கே கோத்துக்கொடுக்கிறது. மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வரும் என்று 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்தது, கணினி வன்பொருளுக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அதே ஆண்டு வந்தது. கைப்பேசிக்கு 2020இல் வந்த ஊக்கத்தொகை கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம். முதலீடு எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்பதுதான் அளவுகோல். ஸ்க்ரூ முடுக்குகிறவருக்கு எவ்வளவு என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. பொதுப்பணத்தைக் கொடுக்கும் அரசுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஒப்பிட ஒரு தொகை சொல்லலாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செய்வது தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும்; கணினி அல்ல. அங்கே 2024 செப்டம்பர் 9இல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தொழிலாளர்களின் சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய். கேட்டது 36,000. 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆண்டு வேறு, ஆலை வேறு என்றாலும் 10,500க்கும் 25,000க்கும் நடுவே கைத்திறன் மட்டும் இல்லை. சாம்சங்காரர்கள் யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள்.

மலைப் பெண்ணுக்கு அது தெரியாது. அவரை அழைத்துப்போனது கன்சல்டன்சி. சேர்த்தது ஓர் ஒப்பந்த நிறுவனம். நிற்பது இன்னொரு நிறுவனத்தின் லைனில். பெட்டியில் அச்சாவது மூன்றாவது ஒரு பெயர். கைப்பேசியில் சம்பளச் சீட்டைக் காட்டினார். அவர் வேலை செய்யும் ஆலையின் பெயர் அதில் எங்குமே இல்லை. திருமணமான பெண்களை ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தது. பிறகு விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலையைப் போடாதீர்கள் என்று ஃபாக்ஸ்கான் தன் முகவர்களிடம் சொன்னதாக அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நல்லதுதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்களாம்: நிறுவனத்தின் பெயரையும் போடாதீர்கள்.

ஜவ்வாது மலைக்கு முகவர்கள் புதியவர்கள் அல்லர். அட்வான்ஸ் கொடுத்து ஆண்களைச் செம்மரம் வெட்ட அழைத்துப்போனார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அனுப்பியவர் யார் என்பதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அந்தக் காட்டையும் குளிரூட்டிய ஆலையையும் ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம், ஆலையில் பி.எஃப். இருக்கிறது, பேருந்து இருக்கிறது, உயிருக்கு அஞ்ச வேண்டாம். எனினும் யாருக்காக உழைக்கிறோம் என்று தெரியாமல் மலையிறங்குவது மட்டும் மாறவில்லை.

ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. அதைப் பயன்படுத்த எழுத்தில் ஆதாரம் வேண்டும். எனவே உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு பெண் இந்த வேலைக்குக் கிளம்பினால், பணி ஆணையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் எந்த ஆலை, எத்தனை மாதம், ஓ.டி. மணிக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் முதல் மாதமே கைப்பேசியில் பதிந்து, பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா, எந்தப் பெயரில் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆலைக்குள் நுழையும் அடையாள அட்டையை இரு பக்கமும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.