நாகம்மாள் கேட்ட பங்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது கோவையில் வங்கி வேலையில் இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "டீச்சர், பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சுட்டேனுங்க. அடுத்து நம்மூர்ப் பக்கத்துக் கதை ஏதாச்சும் சொல்லுங்க." நான் யோசிக்கவே இல்லை. ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்' என்றேன். "யாருங் டீச்சர் அவரு?" என்றாள். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். 1917-இல் பிறந்தவர், 1977-இல் மறைந்தவர். 'மணிக்கொடி'யில் சிறுகதை எழுதித் தொடங்கினார். தம்பி திருவேங்கடத்துடன் சேர்ந்து கோவையில் 'வசந்தம்' பத்திரிகை நடத்தினார். புத்தகம் பதிப்பித்தார். பூவும் பிஞ்சும், பனித்துளி, அறுவடை, சட்டி சுட்டது, தனிவழி என்று நிறைய நாவல்கள் எழுதினார். எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். அவசரமாக எழுதியது போலத் தெரிகிறவையும் உண்டு. ஆனால் 1942-இல், 25 வயதில் எழுதிய 'நாகம்மாள்' ஒன்று போதும் அவர் பெயர் நிற்க. தமிழில் வட்டார நாவலுக்கு அதைத்தான் முன்னோடி என்கிறார்கள். அதற்கு முன்னுரை எழுதியவர் கு.ப.ராஜகோபாலன். காவிரிக்கரைக்காரர் ஒருவர் நம் மேட்டாங்காட்டுக் கதையை மதித்து வரவேற்றது எனக்கு எப்போதும் சந்தோஷமான விஷயம்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். கல்கி அப்போது பார்த்திபன் கனவைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். வாசகர்கள் குதிரைமேல் போன இளவரசனின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் கல்கியின் வாசகிதான், குறை சொல்லவில்லை. அதே சமயத்தில் கீரனூர்ப் பையன் ஒருவர் ஒரு சின்ன ஊர், ஒரு தோட்டம், ஒரு விதவை, அவள் கொழுந்தன் குடும்பம், இவ்வளவை வைத்து ஒரு நாவல் எழுதினார். அரசன் இல்லை, தியாகி இல்லை, சீர்திருத்தப் பிரசங்கம் இல்லை.

நான் அதை முதலில் படித்தது 1980-இல், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நூலகத்தில். அட்டை கிழிந்து, நூல் தைத்த பழைய பிரதி. முதல் சில பக்கத்திலேயே திடுக்கென்றது. எங்கள் வீட்டு வாசலில் பேசுகிற பேச்சு அச்சில் இருந்தது! நாங்கள் 'நோம்பி' என்றால் 'பண்டிகை என்று சொல்' என்பார்கள். 'ஒறம்பரை' என்றால் வகுப்பே சிரிக்கும். அந்தப் பேச்சில் ஒரு நாவலே எழுதலாம் என்று 38 வருடம் முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். பிற்பாடு என் வகுப்பில் குழந்தைகள் 'அக்கட்டால தள்ளி உக்காரு' என்று பேசினால் நான் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. எழுதும்போது மட்டும் பொதுத்தமிழ் சொல்லிக் கொடுத்தேன். பேச்சுக்கு வெட்கப்படக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது பயிற்சிப் பள்ளிப் பாடமல்ல, அந்தக் கிழிந்த புத்தகம்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகம்மாள் கணவனை இழந்தவள். கையில் ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி காளியம்மாள் ஆகியோருடன் ஒரே வீட்டில் இருக்கிறாள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாகம்மாளும் நாம் கண்ணீர் விடுகிற மாதிரிச் சாதுவான விதவை அல்ல. வாய்த்துடுக்கு உண்டு, வீம்பு உண்டு, ஆசை உண்டு. கெட்டியப்பன் என்ற முரடனோடு சேர்க்கை உண்டு. அவள் ஒரு நாள் தன் புருஷன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்கிறாள். முடிவைச் சொல்லமாட்டேன். நல்லபடியாக முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

1982 சித்திரை விடுமுறையில் இந்த நாவலை என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. 1959-இல், 23 வயதில் வெள்ளைச் சீலை கட்டியவர். அதற்குப் பிறகு கொழுந்தன் வீட்டில் மாட்டுக்குத் தட்டுப் போட்டு, சாணி வழித்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்து, ஒரு மகளையும் கரையேற்றியவர். பொழுது சாய்ந்து மாடு கட்டுத்தாரைக்கு வந்தபிறகு லாந்தர் வெளிச்சத்தில் தினம் கொஞ்சம் வாசிப்பேன். ஆறு நாளில் முடிந்தது.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அவ பங்கு கேட்டதுல தப்பில்லீ கண்ணு. அவளுக்காகக் கேக்க வந்தானுக பாரு, அங்கதான் கெட்டுப் போச்சு." இன்னும் கொஞ்சம் கழித்து, "எனக்குக் கேக்கலாம்னே தெரியாதே" என்றார்.

நான் அந்த நாவலைப் பற்றி எத்தனையோ விமரிசனம் படித்துவிட்டேன். இந்த இரண்டு வரிக்கு மேல் யாரும் சொல்லவில்லை.

அதன் அர்த்தம் எனக்கே பல வருடம் கழித்து, சட்டம் பற்றிக் கொஞ்சம் படித்தபோதுதான் முழுதாக விளங்கியது. இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை தரும் சட்டம் 1937-லேயே வந்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-இல் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அதை விரிவாக்கியது 1947-இல். அதாவது நாகம்மாள் வெளிவந்த 1942-இல், அவளைப் போல ஒரு தோட்டக்காரரின் விதவைக்கு அந்தச் சட்டத்தின் வாசல் சாத்தியிருந்தது. கேட்க இடமில்லாதவள் கெட்டியப்பன் துணையோடுதான் கேட்க வேண்டியிருந்தது. அந்த நியாயமான கேள்வியை ஊரில் ஆளாளுக்கு ஒரு கணக்கோடு தூக்கிக்கொண்டார்கள். ஆசிரியர் சட்டம் பேசவில்லை. ஊரில் பார்த்ததை எழுதினார். அதுவே போதுமானதாக இருந்தது.

என் பெரியம்மா கதை வேறு. அவர் விதவையானபோது 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உரிமை இருந்தது. சொல்ல ஒரு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா 2011-இல் உயில் எழுதாமல் காலமானார். காரியம் முடிந்த மறு மாதம், எனக்கும் தங்கைக்கும் விடுதலைப் பத்திரத்தின் நகல் வந்தது. கொங்கு நாட்டுப் பெண்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்தில் கூடப்பிறந்தவளை உட்கார வைத்து இணைச்சீர் செய்கிறோம். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்பதற்கான சீர் அது. அதே கூடப்பிறந்தவள் சார்பதிவாளர் ஆபீசில் வந்து 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். 1989-இல் தமிழக அரசு பெண்ணுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. என் கல்யாணம் 1984. என்னைப் போன்றவர்களைச் சேர்த்தது 2005 மத்திய சட்டத் திருத்தம்.

அன்று எனக்கு நாகம்மாளும் பெரியம்மாவும்தான் நினைவுக்கு வந்தார்கள். வக்கீலிடம் போகவில்லை. மாமனையோ மச்சானையோ தூது விடவில்லை. நானே பஸ் ஏறிப் போய், வாசல் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணனிடம் நேராகச் சொன்னேன்: "சண்டைக்கு வரலீங்ணா. எனக்கும் தங்கச்சிக்கும் சேர வேண்டியது கொஞ்சம் வேணும்." தங்கைக்கு அந்தப் பணம் உண்மையிலேயே தேவையாக இருந்தது. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு வருடம் பேச்சு இல்லை. நோம்பிக்கு அழைப்பு இல்லை. பிறகு கிணற்றுக்குக் கிழக்கே கொஞ்சம் நிலம் எங்கள் இருவர் பேருக்கும் வந்தது. 2018-இல் என் பணி நிறைவு விழாவுக்கு அண்ணன் வேட்டி சட்டையோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆர். சண்முகசுந்தரத்துக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைக்கவில்லை. சரத்சந்திரரின் நாவல்களையும் விபூதிபூஷணின் பதேர் பாஞ்சாலியையும் இந்தி வழியாகத் தமிழுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். ரே எடுத்த படத்தைத் தெரிந்த பலருக்கு, அதைத் தமிழில் படிக்கத் தந்தவர் கீரனூர்க்காரர் என்பது தெரியாது. ஆனால் அவர் போட்ட தடம் மறையவில்லை. புத்தம் வீடு, தலைமுறைகள், கோபல்ல கிராமம் என்று அடுத்த இருபது, முப்பது வருடங்களில் அவரவர் மண்ணின் பேச்சில் நாவல்கள் வந்தன. நம் பெருமாள்முருகன் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ததே இவர் எழுத்துகளைத்தான். நாகம்மாள் இன்றும் அச்சில் கிடைக்கிறது. மெலிந்த புத்தகம், இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம்.

அந்த வங்கிக்காரப் பெண்ணுக்கு ஒரு பிரதி வாங்கித் தபாலில் அனுப்பிவிட்டேன். முடித்துவிட்டு அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்க ஒரு பெரியம்மா இருந்தால், வாசித்துக் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.