வெற்றிக்குப் பின் ஒரு பாகப்பிரிவினை

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நம்மவர்க்கு டெஸ்ட் பந்தயங்களே நினைவுக்கு வரும். ஆனால் பெரும்பாலும் செப்டம்பர் மாத இறுதியில் ஒரு லட்சம் பேரை அங்குக் கூட்டுவது கிரிக்கெட் அன்று, ஆஸ்திரேலியக் கால்பந்து. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவத் திடலில் முட்டை வடிவப் பந்தை உதைத்தும், கை முஷ்டியால் குத்தியனுப்பியும் ஆடுவர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் அது கோல், 6 புள்ளி. சற்றே விலகிப் பக்கத்து இடைவெளியில் சென்றால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. குறி தப்பியவனுக்கும் கூலி கொடுக்கும் தாராளமான ஆட்டம்!

2018-ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயம் வெஸ்ட் கோஸ்ட் அணிக்கும் காலிங்வுட் அணிக்கும் நடந்தது. முன்னது பெர்த் நகரத்து அணி. நாம் அச்சமயம் பெர்த்தில் மகள் இல்லத்தில் தங்கியிருந்தோம். முதல் ஐந்து கோல்களையும் காலிங்வுட் அடித்துவிட்டதைத் தொலைக்காட்சியில் கண்ட மருமகப்பிள்ளை, மனம் பொறாது எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். முடிவில் 79-க்கு 74 என்று பெர்த் வென்றது. அண்டை வீட்டுப் பெரியவரும் அவர் மக்களும் நண்பர் சிலரும் நம் கூடத்தில் திரண்டனர். மகள் காபியும் முறுக்கும் கொணர்ந்து வைத்தாள். ஆரவாரம் அடங்கியதும் வழக்கு ஆரம்பமாயிற்று: யாருக்கு எத்தனை மார்க்?

பத்திரிகைகள் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று எண் போடுவது அங்கு வழக்கம். ரசிகர்களும் அவ்வாறே போட்டுச் சண்டையிடுகின்றனர். உதைத்த பந்து தரை தொடுமுன் பற்றுவதற்கு அவ்வாட்டத்தில் 'மார்க்' என்றே பெயர். மார்க் பிடித்தவனுக்கு மார்க் போடுவதா என்று நாம் சொன்ன சிலேடையை நம் வீட்டார் மட்டுமே ரசித்தனர்; மற்றையோர் மதிப்பெண்ணை 'ரேட்டிங்' என்பவர்கள்.

வழக்கு முழுதும் கடைசிக் கட்டம் ஒன்றைப் பற்றியது. காலிங்வுட் சற்றே முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. தம் பக்கத்துக் கோலை நோக்கி வந்த பந்தை ஜெரமி மெக்கவர்ன் தாவிப் பற்றினார். அவரிடமிருந்து நேதன் வார்டிக்கு, வார்டியிடமிருந்து லியம் ரையனுக்கு, ரையனிடமிருந்து டொம் ஷீட்டுக்கு. எல்லைக் கோட்டை ஒட்டிய, கம்பங்கள் ஒடுங்கித் தெரியும் கோணத்திலிருந்து ஷீட் உதைத்தார், கோல். ஷீட் அந்தப் பந்தைப் பற்றுகையில் எதிரணி பிரேடன் மேனார்ட் நெருங்காதபடி வில்லி ரியோலி உடலால் மறித்து நின்றிருந்தார்.

மருமகப்பிள்ளை ஷீட்டுக்குப் பத்து என்றார். பெரியவரின் மகன் லூக் ஷூயிக்கே பத்து என்று வாதாடினார். 1979 முதல் இறுதிப் பந்தயத்தின் சிறந்த வீரருக்கு அளிக்கப்படும் நார்ம் ஸ்மித் பதக்கம் அன்று ஷூயிக்கே கிடைத்தது. நாள் முழுதும் உழைத்தவரை ஓர் உதை மறைக்கலாமா என்பது அவர் கட்சி. பெரியவரோ ரியோலிக்கு ஒன்பது போட்டார். "அவர் பந்தைத் தொடவேயில்லையே!" என்றான், குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருந்த நம் பேரன். தொடாமல் செய்ததற்குத்தான் ஒன்பது என்றார் பெரியவர்.

அப்போது விருந்தாக வந்திருந்த காலிங்வுட் அபிமானி ஒருவர் வாய் திறந்தார். "அது முறைகேடான மறிப்பு. நடுவர் விசில் ஊதியிருந்தால் கோல் ஏது, உங்கள் மதிப்பெண்தான் ஏது?" கூடம் அமைதியாயிற்று. மருமகப்பிள்ளை மறுக்கப் புகுந்தார், பெரியவர் கையமர்த்தினார். நெடுநேரம் யோசித்துத் தம் ஒன்பதை ஏழாக்கச் சொன்னார். அதற்குக் கீழே இறங்கவும் மறுத்துவிட்டார். விசில் நடுவரின் கையில் இருந்தது என்பது அவர் நியாயம். வென்ற களிப்பு ஆறுமுன்னரே தம் அணியானுக்கு இரண்டு எண் குறைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அத்தேசத்தார்க்கு இது புதிதன்று போலும். 1924 முதல் அங்கு வழங்கப்படும் பிரௌன்லோ பதக்கம், திறமையோடு நேர்மையும் உடையவருக்கே உரியது. பந்தயந்தோறும் கள நடுவர்களே 3, 2, 1 என்று வாக்களிக்கின்றனர். 1997-இல் கிரிஸ் கிராண்ட் எல்லாரினும் அதிகமாக 27 வாக்குப் பெற்றும், ஒரு பந்தயத்துக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தமையால் பதக்கம் 26 வாக்குப் பெற்ற ராபர்ட் ஹார்விக்குப் போயிற்று. ஆயினும் நடுவர் கண் பந்தின் பின்னேதான் ஓடுகிறது. நடுத்திடல் ஆட்டக்காரர்களே பெரும்பாலும் பதக்கம் பெறுகின்றனர் என்ற குறை அங்கு உண்டு.

இதற்குள் பேரன் வேறொரு கணக்கோடு வந்தான். இரண்டு அணிக்கும் கோல்கள் பதினொன்றே! பிஹைண்ட் மட்டும் வெஸ்ட் கோஸ்டுக்கு 13, காலிங்வுட்டுக்கு 8. ஆக, வித்தியாசமான ஐந்து புள்ளியும் குறி தப்பிய உதைகளால் வந்தவை. கோணலாய் உதைத்தவர்களுக்கெல்லாம் மூன்றும் நான்கும் போட்டிருந்த மருமகப்பிள்ளை ரப்பர் கேட்டார்.

நம் வாக்கு மெக்கவர்னுக்கே. ஷீட்டின் உதை சற்று விலகியிருப்பினும் ஒரு புள்ளியேனும் தேறியிருக்கக்கூடும். மெக்கவர்னின் கை தவறியிருந்தாலோ பந்து எதிரியின் கைக்குப் போயிருக்கும். எட்டரை போடு என்று பேரனிடம் சொன்னோம். அரை மார்க் கிடையாது என்றான்.