பின்பக்கப் பொத்தானின் கதை

கடைகளில் கிடைக்கும் மலிவு டார்ச் பலவற்றில் பின்பக்கம் ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினால் முழு வெளிச்சம். அடுத்த அழுத்தில் நடுத்தரம், பிறகு மங்கல், பிறகு கண் கூசும் படபடப்பு, கடைசியில் எஸ்.ஓ.எஸ். ஆபத்துச் சைகை. இரவில் கொல்லைப்புறம் போகிறவருக்கு எஸ்.ஓ.எஸ். எதற்கு? அதை அங்கே கொண்டுவந்து வைத்தது எது? இந்தக் கேள்வியோடுதான் பழைய காப்புரிமைகளைப் படித்தேன், டார்ச்சுகளைக் கழற்றிப் பார்த்தேன்.

1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு டார்ச்சுக்கான அமெரிக்கக் காப்புரிமை எண் 617592 வழங்கப்பட்டது. குழாய்க்குள் வரிசையாகப் பேட்டரிகள், முன்னால் ஒரு பல்பு, பித்தளைப் பிரதிபலிப்பான். அந்நாளைய கார்பன் இழை பல்பும் பேட்டரியும் நீண்ட நேரம் எரியத் திராணியற்றவை. சற்று எரியவிட்டு, அணைத்து, ஓய்வு கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் இருந்த மூணு கட்டை டார்ச்சிலோ தள்ளு ஸ்விட்சோடு ஒரு சிறு பொத்தானும் உண்டு. தள்ளினால் தொடர்ந்து எரியும், பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் எரியும். தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரப்பின் மறுகோடியில் இருப்பவருக்குச் சைகை காட்ட அதுவே போதும்.

குண்டு பல்பில் வெளிச்சத்தைக் குறைப்பதில் பெரிய லாபம் இல்லை. இழை சிவந்து மங்கும், மின்சாரமோ அந்த அளவுக்கு மிச்சமாகாது. எல்.இ.டி. வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. 1990-களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். அதன்மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள். இதில் மின்னோட்டத்தைக் குறைத்தால் பேட்டரி பல மடங்கு நேரம் உழைக்கும். ஆகவே மங்கல் நிலை என்பது வீண் அலங்காரம் அல்ல, உண்மையான தேவை.

அப்படியானால் சிக்கல் எங்கே? டார்ச்சைக் கழற்றியபோது விடை கிடைத்தது. உலோக உடம்பே ஒரு மின்கம்பி. பின்பக்க ஸ்விட்ச் செய்வது அந்த இணைப்பைத் துண்டிப்பது மட்டுமே. தலைப்பகுதியில் உள்ள சிப்புக்கு "மங்கலாக எரி" என்று சொல்லத் தனிக் கம்பி கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் மின்சாரம் போனது, வந்தது என்பது மட்டுமே. ஆகவே எவ்வளவு நேரம் போயிருந்தது என்று சிப் கணக்கிடுகிறது. கண நேரமே போயிருந்தால் அடுத்த நிலைக்குத் தாவுகிறது. அதனால்தான் எல்லா நிலைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் இன்னொரு நிலையைச் சேர்க்க நிரலில் சில வரிகள் போதும், புதிய உதிரிபாகம் எதுவும் வேண்டாம். செலவில்லாமல் அட்டைப்பெட்டியில் "5 மோடு" என்று அச்சிட முடிந்ததால்தான் எஸ்.ஓ.எஸ். நம் வீட்டுக்குள் வந்தது என்பது என் முடிவு.

விலை கூடிய டார்ச்சுகளில் பொத்தான் நேராகச் சிப்போடு பேசுகிறது. அங்கே அழுத்தலாம், பிடித்துக்கொள்ளலாம், எத்தனை முறை அழுத்தினோம் என்பதையும் சிப் எண்ணும். டாய்கீப்பர் என்ற புனைபெயர் கொண்டவர் எழுதிய ஆண்டுரில் என்ற திறமூல நிரல் இதன் உச்சம். பிடித்துக்கொண்டால் வெளிச்சம் படிப்படியாக ஏறும். அணைந்த நிலையில் மும்முறை அழுத்தினால் பேட்டரி வோல்ட்டைக் கண்சிமிட்டிச் சொல்லும், நான்கு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மெழுகுவத்தி போலவும் மின்னல் போலவும்கூட எரியும். கேட்க மிகையாகத் தோன்றலாம். ஆனால் பூட்டு அவசியம், ஏனெனில் பையில் தானாக எரிந்த டார்ச் துணியைப் பொசுக்கும். வெப்பம் ஏறினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் லித்தியம் பேட்டரி வற்றுமுன் அணைந்துகொள்வதும் அத்தகைய தேவைகளே.

இந்த நிரலில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. இரண்டாம் பதிப்பில் எளிய முறைதான் இயல்புநிலை. ஒரு அழுத்தில் எரியும், மறு அழுத்தில் அணையும். மற்ற வித்தைகளில் பெரும்பாலானவை வேண்டுமென்றால் பத்து முறை அழுத்தி, பத்தாவதில் பிடித்துக்கொள்ள வேண்டும். தேடுகிறவருக்கு எல்லாம் உண்டு, தேடாதவரை எதுவும் இடைமறிக்காது. இதுதான் சரியான வடிவமைப்பு.

அடுத்த முறை டார்ச் வாங்கும்போது பெட்டியில் எத்தனை லூமன் என்று பார்ப்பதற்கு முன், கடையிலேயே கையில் எடுத்து எரியவிட்டுப் பாருங்கள். ஒரே அழுத்தில் அணைகிறதா, வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுக்காமலே அதை இயக்குவாரா என்று பார்த்து வாங்குங்கள்.