எதிராளி ஊரில், புது மேனேஜர் வந்த வாரத்தில்!

உங்கள் ஆபீஸில் இது நடந்திருக்கும். ஆறு மாதமாக டார்கெட்டைத் தொடாத பிராஞ்ச். மேனேஜரைத் தூக்கி எங்கோ ஒரு மூலைக்கு மாற்றிவிட்டு, திங்கட்கிழமை காலை புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே அதிசயத்தை! பத்தரைக்கு வருகிற ஆசாமி ஒன்பதே முக்காலுக்கே சீட்டில் இருப்பார். மூன்று வருஷமாகத் தூங்கிய ஃபைல் தானாக நகரும். டீ குடிக்கப் போனவர், டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்!

நீங்கள் ஒரு போட்டிக் கம்பெனிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிராஞ்சின் வாடிக்கையாளர்களை வளைத்துப்போட எந்த வாரம் கிளம்புவீர்கள்? பழைய மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த போதே போயிருப்பீர்கள். புது ஆள் வந்த வாரத்தில் மட்டும் போகமாட்டீர்கள்.

இங்கிலாந்துக் கால்பந்தில் அந்த வசதி கிடையாது ஸார். சீஸன் ஆரம்பிப்பதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், யார் எந்தத் தேதியில் யார் ஊருக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். போகிற வாரத்தில் அங்கே என்ன புயல் அடிக்கிறது என்பது அவரவர் ஜாதகம்.

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை. லண்டனின் ஆர்ஸனல் அணி, லிவர்பூல் நகரத்து எவர்டன் அணியை அதன் சொந்த மைதானமான கூடிஸன் பார்க்கில் சந்தித்தது. எதிராளி ஊருக்குப் போய் ஆடுகிற இதைத்தான் 'அவே மேட்ச்' என்கிறார்கள். அதாவது, மாமியார் வீட்டு விருந்து. சாப்பாடு இருக்கும், உபசாரமும் இருக்கும். ஆனால், அந்த வீட்டில் எல்லாரும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் பாயிண்ட் டேபிளைப் பார்ப்போம். பி.காம். படித்தவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் கை தானாகப் போகும்.

ஆர்ஸனல்: 19 ஆட்டம், 50 பாயிண்ட், முதலிடம். அதுவரை தோற்றது ஒரே ஒரு ஆட்டம். 2004-க்குப் பிறகு லீக் பட்டத்தையே பார்க்காத அணி, அந்த வருஷம் 'கைக்கு எட்டிவிட்டது' என்று கனவு கண்டுகொண்டிருந்தது.

எவர்டன்: 20 ஆட்டம், 15 பாயிண்ட். இருபது அணிகளில் 19-வது இடம். லீக்கில் கடைசியாக ஜெயித்தது முந்தைய அக்டோபரில். கடைசி மூன்று இடத்துக்குள் சீஸனை முடித்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். டி.வி. பணம் போய்விடும். நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். இதெல்லாம் பெரிய இடத்துக் கவலை என்று நினைக்காதீர்கள். டிக்கெட் கவுன்ட்டர்காரர் முதல் சமையற்காரர் வரை அங்கே சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரின் வயிற்றிலும் புளி கரையும். அதிலும் எவர்டன் 1954-லிருந்து ஒருமுறைகூட முதல் டிவிஷனை விட்டு இறங்காத குடும்பம். தாத்தா காலத்து மானம் வேறு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி 23-ம் தேதி மேனேஜர் ஃபிராங்க் லம்பார்டுக்குச் சீட்டுக் கிழிந்தது. ஒரு வாரம் கழித்து, 30-ம் தேதி, ஷான் டைச் வந்து சேர்ந்தார். நடுவில் ஆன்டனி கார்டன் என்ற பிள்ளையை நியூகாஸிலுக்கு விற்றாகிவிட்டது. அந்தப் பணத்தில் அந்த ஜனவரியில் புதிதாக ஒரு ஆள்கூட வாங்கவில்லை! புது மேனேஜருக்குக் கிடைத்தது அதே பழைய ஸ்டாஃப், அதே பழைய நாற்காலி, ஐந்து நாள் அவகாசம். முதல் ஆட்டமே நாட்டின் நம்பர் ஒன் அணியுடன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு, ஆர்ஸனல் ரசிகனாக நீங்கள் லண்டனில் பெட்டி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, கூடவே வாருங்கள்.

ஆட்டம் பகல் பன்னிரண்டரைக்கு. எனவே விடியற்காலையில் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும். சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட். அங்கிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பஸ்ஸிலும் போகலாம், நடந்தும் போகலாம். பிப்ரவரிக் குளிர், கோட்டுக்குள் புகுந்து நலம் விசாரிக்கும்.

வழியில் ஸ்டான்லி பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அதன் ஒரு பக்கம் எவர்டனின் கூடிஸன் பார்க். இன்னொரு பக்கம் லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு. இரண்டு ஜென்மப் பகையாளிகள், நடுவில் ஒரே ஒரு பூங்கா! இதன் பின்னால் ஒரு வாடகைத் தகராறு இருக்கிறது. ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியதே எவர்டன்தான். இடத்துக்காரர் ஜான் ஹோல்டிங் வாடகையை ஏற்ற, குடித்தனக்காரர் முறைக்க, கடைசியில் 1892-ல் எவர்டன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு பூங்காவின் எதிர்ப்பக்கம் போய்விட்டது. காலி வீட்டை வைத்துக்கொண்டு ஹோல்டிங் என்ன செய்வார்? புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல். ஒரு ஹவுஸ் ஓனர் கோபித்துக்கொண்டால் என்னென்ன நடக்கும், பாருங்கள்.

கூடிஸன் பார்க்கைத் தூரத்திலிருந்து தேடாதீர்கள், தெரியாது. செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டி நிற்கும். தெரு முனையில் திரும்பினால், திடீரென்று வானத்தை மறைத்துக்கொண்டு நீலக் கட்டடம்! 1892 ஆகஸ்ட் 24-ல் திறந்தது. ஒரு மூலையில் செயின்ட் லூக் சர்ச், இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவில் தோளை நுழைத்துக்கொண்டு நிற்கும். பஸ் ஸீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்தவர் மாதிரி.

உள்ளே போனால் சுமார் 39,500 பேர். வெளியூர் ரசிகர்களுக்கு புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்டின் ஓரம். பழைய காலத்துக் கூரை, அதைத் தாங்க இரும்புத் தூண்கள். உங்கள் ஸீட்டுக்கு முன்னால் தூண் வந்துவிட்டால், பாதி ஆட்டம் தூணுக்குத்தான். குனிந்து, நிமிர்ந்து, பக்கத்து ஆளின் மடியில் சாய்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால், இந்த இடத்தின் சரித்திரத்தைக் கேட்டால் தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்வீர்கள். 1966 உலகக் கோப்பையில் பீலே இங்கே கோல் போட்டிருக்கிறார். அதே கோப்பையில் வட கொரியா இங்கேதான் போர்ச்சுகலுக்கு எதிராக 3-0 என்று முன்னால் போய் உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. அப்புறம் யுஸேபியோ தனி ஆளாக நாலு கோல் போட, 5-3 என்று கதை தலைகீழாகிவிட்டது. எவர்டனின் டிக்ஸி டீன் 1927-28 சீஸனில் லீக்கில் மட்டும் 60 கோல் அடித்தார். இன்றுவரை முதல் டிவிஷனில் யாரும் அதைத் தொடவில்லை. அவர் 1980-ல் உயிரை விட்டதும் இதே கூடிஸனில், லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஆட்டத்துக்கு முன் 'டாஃபி லேடி' என்று ஒரு பெண், கூட்டத்தை நோக்கி மிட்டாய்களை வீசிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவார். அப்புறம் 'இஸட் கார்ஸ்' என்ற பழைய போலீஸ் டி.வி. தொடரின் ட்யூன். முதலில் மிட்டாய், பிறகு போலீஸ்!

சரி, புது மேனேஜரிடம் வருவோம்.

நம்மூர் கிரிக்கெட்டில் மேனேஜர் என்றால் அணியோடு ஊர் ஊராகப் போய் ஹோட்டல், பஸ் ஏற்பாட்டைக் கவனிப்பவர். அங்கே மேனேஜர்தான் எல்லாம். டைச், பர்ன்லி என்ற சிற்றூர் அணியைப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டி மேய்த்தவர். இரண்டு முறை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். 2017-18-ல் ஏழாவது இடம் பிடித்து, ஐரோப்பியப் போட்டி வரை கூட்டிப்போனார். அந்த ஊர் மதுக்கடை ஒன்று 'ராயல் டைச்' என்று பெயரையே மாற்றிக்கொண்டது! செங்கல் நிறத் தலைமுடி, சரளைக்கல்லை மென்று பேசுகிற மாதிரி குரல். எவர்டனில் கால் வைத்ததும், பயிற்சியில் குல்லாவும் கழுத்துக் கம்பளியும் கூடாது என்று உத்தரவு போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் முதல் நாள் ஷூ பாலிஷைப் பார்ப்பாரே, அந்த ஜாதி.

இந்தப் புது மேனேஜர் மந்திரம் நிஜம்தானா? நெதர்லாந்துப் பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல், தன் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான கணக்கைத் துருவி, 2011-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். மேனேஜரை மாற்றிய அணிகள் தலை நிமிர்ந்தது உண்மை. ஆனால், அதே அளவு சரிந்தும் மேனேஜரை மாற்றாத அணிகளும் கிட்டத்தட்ட அப்படியே நிமிர்ந்திருந்தன! காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது டாக்டரை மாற்றினால், அடுத்த நாள் குறைகிற காய்ச்சலுக்குப் புது டாக்டர் பெயர் வாங்கிக்கொள்வார் என்கிற கதை.

கணக்கு அப்படிச் சொல்கிறது. அதனால் ஆர்ஸனல் ரசிகன் ரயிலில் நிம்மதியாகத் தூங்கலாமா? மாட்டான். அவனுக்குப் பயப்பட மூன்று காரணம் இருந்தது.

ஒன்று, இந்த மைதானம். 2020 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் ஆர்ஸனல் இங்கே 2-1 என்று தோற்றுத் திரும்பியிருந்தது. ஆர்ஸனலின் மேனேஜர் மிக்கெல் ஆர்டேட்டாவே 2011 வரை ஆறு வருஷத்துக்கு மேல் எவர்டனுக்கு ஆடியவர். அந்த வீட்டின் கொல்லைப்புற வழிகூட அவருக்குத் தெரியும். தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

இரண்டு, கார்னர் கிக். எவர்டனின் ஜேம்ஸ் டார்கவ்ஸ்கியும் டுவைட் மெக்நீலும் பர்ன்லியில் டைச்சிடம் வேலை பார்த்தவர்கள். பழைய மேலதிகாரி பின்னாலேயே வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? "என்னப்பா, நல்லா இருக்கியா? சரி, அந்தப் பழைய வேலையை எடு!"

மூன்று, பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எந்த ஆபீஸிலும் பழைய மேனேஜருக்குப் பிடிக்காத ஒருவர் மூலை மேஜையில் இருப்பார். வேலை தெரிந்தவராக இருப்பார். எப்போதோ ஒரு வாக்குவாதம்... அதோடு சரி. புது மேனேஜருக்கு அந்தப் பழைய கதை தெரியாது, தெரிந்தாலும் தேவையில்லை. எவர்டனில் அந்த மூலை மேஜைக்காரர் அப்துலாய் டுகூரே. லம்பார்டின் கடைசி நாட்களில் ஓரங்கட்டப்பட்டவர். டைச் அவரை முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டார்.

என்ன ஆயிற்று? 60-வது நிமிஷம். மெக்நீல் கார்னரிலிருந்து பந்தைத் தூக்கினார். டார்கவ்ஸ்கி எம்பித் தலையால் முட்டினார். எவர்டன் 1, ஆர்ஸனல் 0. முடிந்தது கதை! ஆர்ஸனல் ரசிகர்கள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததால் துக்கம் பாதிதான் தெரிந்திருக்கும்.

அந்த ஒரு முட்டு, நிறைய பேரின் கணக்கை மாற்றியது. ஆர்ஸனல் அடுத்த ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டுடன் டிரா, அதற்கடுத்ததில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோல்வி. சீஸன் முடிவில் சிட்டி 89, ஆர்ஸனல் 84. எவர்டனோ மே 28, கடைசி நாள், கடைசி ஆட்டம் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. போர்ன்மவுத்துக்கு எதிராக 1-0. மொத்தம் 36 பாயிண்ட், 17-வது இடம். கீழே போன லெஸ்டருக்கு 34. அந்த ஒரே கோலைப் போட்டு அத்தனை பேர் சம்பளத்தையும் மானத்தையும் காப்பாற்றியது யார் தெரியுமா? மூலை மேஜைக்காரர் டுகூரே!

டச்சு நிபுணரின் கணக்கைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆயிரம் ஆட்டத்தின் சராசரியில் மேனேஜர் மாற்றம் ஒன்றுமில்லாமல் போகலாம். ஆனால், சராசரி யாரும் ரயிலேறி மேட்ச் பார்க்கப் போவதில்லையே!

டைச்சும் ஒருநாள் பழைய மேனேஜர் ஆனார். 2025 ஜனவரி 9-ல் அவரையும் அனுப்பிவிட்டு, முன்பு பதினோரு வருஷம் எவர்டனை நடத்திய டேவிட் மாய்ஸைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அந்த மே 18-ல் ஸௌதாம்ப்டனை 2-0 என்று ஜெயித்ததோடு, கூடிஸனில் ஆண்கள் அணியின் ஆட்டம் முடிந்தது. ஆற்றங்கரையில் 52,000-க்கும் மேல் உட்காரக்கூடிய புது ஸ்டேடியம். அங்கே முதல் லீக் ஆட்டம் நடந்தது 2025 ஆகஸ்ட் 24. கூடிஸன் திறந்த அதே தேதி! புது இடத்தில் தூண் மறைக்காது. ஆனால், சர்ச் எட்டிப் பார்க்காது.

இடித்துவிடுவார்களோ என்று பயந்த கூடிஸனை எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். லிவர்பூல் பக்கம் போகிற பாக்கியம் கிடைத்தால், ஸ்டான்லி பார்க்கைத் தாண்டி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முன், திங்கட்கிழமை ஆபீஸுக்குப் புது மேனேஜர் வருகிறார் என்றால், ஒரு காரியம் செய்யுங்கள். மூலை மேஜைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வையுங்கள். மே மாதக் கணக்கு முடிக்கையில் உதவும்!